காலண்டரில் ஒரு சின்ன வட்டம்... பீரியட்ஸ் வரப்போவதை உடம்பு எப்படிச் சொல்கிறது?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாத காலண்டர் தொங்கும். மளிகைக் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கேஸ் புக் பண்ணிய தேதிக்கு ஒரு 'கே', சீட்டுப் பணம் கட்டிய நாளுக்கு ஒரு டிக். இவற்றோடு மாதத்துக்கு ஒருமுறை சிவப்பு பேனாவில் ஒரு சின்ன வட்டம். அது என்னவென்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. நான் வயசுக்கு வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அப்போதிலிருந்து வட்டம் இரண்டானது. என்னுடையது பென்சிலில்.

இருந்தும் ஒருநாள் ஏமாந்தேன். டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த சமயம். கல்லூரி அசைன்மென்ட்டுக்காக எண்ணூர் போய்விட்டு பஸ்ஸில் எம்.கே.பி. நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எண்ணூர் விரைவுச் சாலையைப் பற்றி வட சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பஸ் நகராது. இறங்கினால் பாத்ரூம் கிடையாது. அடிவயிற்றில் ஒரு இழுப்பு. காலண்டர் கணக்குப்படி இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்பதால் பையில் நாப்கின் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு நாளா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்துட்டு இருந்தியே, அப்பவே நெனச்சேன், டேட் வந்துடும்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா!"

"ஏன், உன் உடம்பு உனக்குத் தெரியாதா?"

கோபம் வந்தாலும் அந்தக் கேள்வி நியாயமானதுதான். தலைவலி வந்தது, மார்பில் வலி இருந்தது, முகத்தில் பரு வந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தேனே தவிர, சேர்த்துப் பார்க்கவில்லை.

28 நாள் என்பது சட்டமல்ல

மாதவிடாய்ச் சுழற்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 28. உண்மையில் பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாள் வரை எந்த இடைவெளியும் இயல்புதான். டீன் ஏஜ் பெண்களுக்கு 45 நாள்கூட ஆகலாம். பீரியட்ஸ் ஆரம்பிக்கும் முதல் நாளிலிருந்து அடுத்த பீரியட்ஸுக்கு முந்தின நாள் வரை எண்ண வேண்டும். ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். கணக்கு தப்புவது அங்கேயே ஆரம்பிக்கிறது.

இந்த நாள்களை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிது. முதல் பாதியில் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. பரீட்சை டென்ஷன், காய்ச்சல், நைட் ஷிஃப்ட், திடீரென்று உடம்பு இளைப்பது என எது வந்தாலும் இந்தப் பாதிதான் பெரும்பாலும் நீளும், சுருங்கும். முட்டை வெளியே வந்த பிறகு தொடங்கும் இரண்டாம் பாதி அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது ஏறக்குறைய 12 முதல் 14 நாள். மாதத்துக்கு மாதம் அதிகம் மாறாது.

முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் சின்னத் திசு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கர்ப்பப்பையின் உள்சுவரைக் குழந்தைக்காகத் தயாராக வைத்திருப்பது இதன் வேலை. கரு தங்கவில்லை என்றால் அந்தத் திசு சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரானும் ஈஸ்ட்ரோஜனும் சடசடவென்று இறங்கும். அந்த இறக்கத்தில்தான் உள்சுவர் உதிர்ந்து ரத்தமாக வருகிறது. நாம் 'அறிகுறி' என்று சொல்லும் அத்தனையும் இந்த இரண்டாம் பாதியைச் சேர்ந்தவை. அதனால்தான் தேதி முன்னே பின்னே போனாலும் அறிகுறிகள் அதோடு சேர்ந்தே நகர்கின்றன. அன்று பஸ்ஸில் என் காலண்டர் தப்பு செய்தது. என் உடம்பு சரியாகத்தான் சொல்லியிருந்தது.

ஆனால் வயசுக்கு வந்து ஓரிரு வருஷமே ஆன பெண்களுக்கு ஒவ்வொரு மாதமும் முட்டை வெளியாகாது. அவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று ரத்தம் வரலாம். "உனக்கே தெரியலையா?" என்று அவர்களைத் திட்டுவதில் பயனில்லை.

உடம்பு சொல்லும் சேதிகள்

பீரியட்ஸுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே சிலருக்கு மார்பகம் கனத்து வலிக்கும். பஸ்ஸில் யாராவது லேசாக இடித்தாலே உயிர் போகும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும், பீரியட்ஸ் வந்ததும் போய்விடும். ஒரே பக்கத்தில் கட்டி மாதிரி தட்டுப்பட்டு, பீரியட்ஸ் முடிந்தும் கரையாமல் இருந்தால் அது வேறு விஷயம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புரோஜெஸ்டிரான் குடலின் வேகத்தைக் குறைக்கும். அதனால் வயிறு உப்புசம், மலச்சிக்கல், ஜீன்ஸ் பட்டன் போட முடியாத நிலை. உடம்பில் நீர் தங்குவதால் எடைகூட ஒன்றிரண்டு கிலோ ஏறினாற்போல் காட்டும். (கருவாடு, அப்பளம், ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் ஏரியாவில் இதைச் சொல்வது பாவம்தான். ஆனாலும் அந்த வாரம் உப்பைக் குறைத்தால் கொஞ்சம் லேசாக இருக்கும்.) பீரியட்ஸ் நெருங்கும்போது நிலைமை அப்படியே தலைகீழாகும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் பக்கத்திலிருக்கும் குடலையும் சேர்த்துச் சுருக்கும். முதல் நாளும் அதற்கு முந்தின நாளும் மோஷன் லூஸாகப் போவது இதனால்தான். ஹோட்டல் பிரியாணி மேல் பழி போட வேண்டியதில்லை. அடிவயிற்று வலி, இடுப்பு வலி, தொடை வரை இறங்கும் குடைச்சல் எல்லாம் இதே ரசாயனத்தின் வேலை.

தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் பரு. ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது வரும் ஒற்றைத் தலைவலி, பெரும்பாலும் பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்னதாக ஆரம்பிக்கும். முட்டை வெளியானதிலிருந்தே உடல் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கும். ஃபேன் ஓடினாலும் தூக்கம் பிடிக்காமல் புரள்வதற்கு அதுவும் ஒரு காரணம். இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் மேல் திடீர் ஆசை வருவது சிலருக்கு. சோர்வு பலருக்கு. சோர்வில் ஒரு எச்சரிக்கை உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பீரியட்ஸுக்கு முன்னால் மட்டும் சோர்வு என்றால் ஹார்மோன் என்று எடுத்துக்கொள்ளலாம். மாசம் முழுக்கச் சோர்வு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

'அந்த நேரமா?' என்று கேட்பவர்களுக்கு

மனநிலை மாற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காரணமில்லாத அழுகை, எரிச்சல், 'என்னால எதுவும் முடியாது' என்ற எண்ணம். இதெல்லாம் என் சுபாவம் என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் கெட்டவள், அம்மாவிடம் கத்துகிறவள், அவ்வளவுதான். அது மாதத்தில் மூன்று நாள் மட்டும் வந்து போகிறது என்பது எழுதி வைத்த பிறகுதான் தெரிந்தது.

இப்படி எழுதி வைப்பதிலிருந்துதான் மருத்துவமும் இதைக் கண்டுபிடித்தது. பீரியட்ஸுக்கு முன் வரும் பதற்றத்தை 1931-ல் நியூயார்க் டாக்டர் ராபர்ட் ஃபிராங்க் முதலில் விவரித்து எழுதினார். இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் கேத்தரினா டால்டனுக்குத் தனக்கு வரும் ஒற்றைத் தலைவலி பீரியட்ஸை ஒட்டியே வருகிறது, கர்ப்பமாக இருந்தபோது வரவே இல்லை என்று உறைத்தது. அங்கிருந்து நோயாளிகளைக் கவனித்து, ரேமண்ட் கிரீன் என்ற டாக்டருடன் சேர்ந்து 1953-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். 'பி.எம்.எஸ்.' என்று இன்று நாம் சுருக்கிச் சொல்லும் பெயர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலிருந்து பரவியதுதான்.

இன்று டாக்டர்கள் பார்க்கும் அடையாளம் இதுதான்: பீரியட்ஸுக்கு முந்தைய ஐந்து நாளில் தொந்தரவு வர வேண்டும், பீரியட்ஸ் ஆரம்பித்த நான்கு நாளுக்குள் போய்விட வேண்டும், தொடர்ந்து மூன்று சுழற்சியாவது இப்படி நடந்திருக்க வேண்டும். சிலருக்கு இது இன்னும் தீவிரமாக இருக்கும். வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு. அதற்கு பி.எம்.டி.டி. என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் அதைத் தனி நோயாகவே சேர்த்தது. மருந்து உண்டு, குணமாகும். அப்படி ஒரு எண்ணம் யாருக்காவது வந்தால் டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், தமிழில் பேசலாம்.

இதே அறிவைப் பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆபீஸில் ஒரு பெண் நியாயமாகக் கோபப்பட்டாலும், 'அந்த நேரம் போல' என்று சிரிப்பார்கள். ஹார்மோன் இறங்கியிருக்கலாம். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதும் பாக்கிதான்.

மூன்று மாதம் எழுதிப் பாருங்கள்

ஒருவருக்கு வரும் அறிகுறி இன்னொருவருக்கு வராது. ஆனால் அவரவருக்கு வருவது ஏறக்குறைய அதே வரிசையில் திரும்ப வரும். காலண்டரிலோ போன் நோட்ஸிலோ தினமும் இரண்டு வார்த்தை போதும். 'பரு', 'தலைவலி', 'சண்டை' என்று. மூன்று மாதம் கழித்து எனக்குக் கிடைத்த வரிசை இது: ஐந்து நாள் முன்னால் தாடையில் ஒரு பரு, மூன்று நாள் முன்னால் மார்பில் வலி, இரண்டு நாள் முன்னால் அம்மாவோடு ஏதாவது ஒரு சண்டை, முந்தின நாள் காலை இரண்டு முறை பாத்ரூம். பரு வந்த அன்றே இப்போது பையில் இரண்டு நாப்கின் போய்விடும்.

ஆப் வைத்திருக்கிறவர்கள் அதிலேயே குறிக்கலாம். அது சொல்வது உங்கள் பழைய தேதிகளின் சராசரிக் கணக்கு மட்டுமே. முதல் இரண்டு மாதம் அதை நம்பி வெளியூர் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கர்ப்பம் தரிக்காமல் இருக்க 'சேஃப் டேஸ்' என்று அது காட்டுவதை நம்பவே கூடாது. எந்த அனுமதியெல்லாம் கேட்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் பிரபலமான ஃப்ளோ ஆப், பயனாளர்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த புகாரை 2021-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டு முடித்தது. கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டருக்கு இந்தப் பிரச்னை இல்லை.

மாத்திரை விஷயத்தில் அவசரம் வேண்டாம்

தேதி தெரிந்திருப்பதால் வலிக்கும் ஒரு லாபம் உண்டு. இபுபுரூஃபன், மெஃபெனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பவை. வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, ஆரம்பிக்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மெஃபெனாமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய பார்மகோபியா கமிஷன் 2023-ல் எச்சரித்தது. மாத்திரைக்குப் பிறகு காய்ச்சலும் தோலில் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெயர் தெரியாத மாத்திரை எதையும் வாங்கிப் போடாதீர்கள். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் பேசி 2019-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பீரியட்ஸ் வலி என்று சொன்னால் லீவு கிடைக்காது, பெயர் ஒட்டாத மாத்திரைதான் கிடைக்கும் என்பது அதன் சாரம். மணலி, திருவொற்றியூர் என ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் எங்கள் தெருவிலும் உண்டு. வலிக்கு முன்பே தயாராக இருப்பது அவர்களுக்கு ஒருநாள் சம்பளம் சம்பந்தப்பட்ட விஷயம்.

தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை இன்னொன்று. ஆடி மாதம் கூழ் ஊற்றும் சமயத்தில், வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் இதைக் கேட்காத குடும்பம் குறைவு. நோர்எத்திஸ்டிரான் என்ற அந்த மாத்திரையைப் பீரியட்ஸ் வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வந்துவிடும். தேதியே சரியாகத் தெரியாதவர்கள் தாமதமாக ஆரம்பித்துவிட்டு 'மாத்திரை வேலை செய்யல' என்று இரண்டு இரண்டாகப் போடுவது ஆபத்து. ரத்தம் உறையும் பிரச்னை, கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு இது ஆகாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்பது என் அபிப்பிராயம். வீட்டில் எடுபடவில்லை.

முதல் தடவை வருவதற்கு முன்னால்

போன வருஷம் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ ஜட்டியில வெள்ளை வெள்ளையா படுது, ஏதாவது வியாதியா இருக்குமோ?" என்றார். 'அவ' ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி. அவளும் அதையேதான் பயந்துகொண்டிருந்தாள், யாரிடமும் சொல்லாமல்.

அது வியாதி இல்லை. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் பீரியட்ஸ் வரும். அதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம் முன்பிருந்தே வெள்ளைபடுதல் இருக்கும். மளமளவென்று உயரமாவதும், அக்குளில் முடி முளைப்பதும் அதற்கு முன்னோடிகள். நாற்றம், அரிப்பு, பச்சை நிறம் இருந்தால் மட்டுமே சிகிச்சை. இதை நானே அவளிடம் சொன்னேன். சித்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்திக்கும் யாரும் சொன்னதில்லை என்று அப்புறம் தெரிந்தது.

முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் வயசுக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டுப் பரீட்சை எழுதிய வீடியோவை நாமெல்லாம் பார்த்தோம். பெரியவர்கள் கூச்சப்பட்டு மறைக்கிற விஷயத்தைக் குழந்தை அவமானம் என்றே எடுத்துக்கொள்ளும். தங்கச்சியின் ஸ்கூல் பையில் இப்போது ஒரு சின்ன பவுச் இருக்கிறது. இரண்டு நாப்கின், ஒரு மாற்று ஜட்டி, பழைய நியூஸ்பேப்பர். இன்னும் வரவில்லை. 15 வயது வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் வரவில்லை என்றால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மார்பு வலி, சோர்வு, லேசான அடிவயிற்று வலி, எரிச்சல் எல்லாம் கர்ப்பத்தின் ஆரம்பத்திலும் வரும். அறிகுறியை வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. தேதி தள்ளிப்போய்விட்டால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கார்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதே வழி. பப்பாளி, எள்ளு சாப்பிட்டு 'வரவழைக்க' முயல்வது நாளைக் கடத்துவதுதான். அவற்றுக்கு அப்படிப்பட்ட சக்தி இருப்பதாக நிரூபணம் இல்லை.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, ஏழு நாளுக்கு மேல் போவது, பெரிய கட்டிகளாக வருவது, மாத்திரைக்கும் அடங்காமல் வேலைக்கோ பள்ளிக்கோ போகவிடாத வலி, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் ரத்தம், மூன்று மாதம் வராமலே இருப்பது. இவற்றில் எதுவும் 'பொம்பளைன்னா அப்படித்தான்' கிடையாது. எண்டோமெட்ரியோசிஸ், நார்த்திசுக் கட்டி, பி.சி.ஓ.எஸ்., தைராய்டு என்று காரணம் இருக்கும். பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லியும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

இதை எழுத உட்கார்ந்தபோது பழைய காலண்டர்களைப் புரட்டினேன். அம்மாவுக்கு இப்போது 47 வயது. சிவப்பு வட்டம் மார்ச்சில் இருந்தது. ஏப்ரல், மே இரண்டிலும் இல்லை. ஜூனில் ஒன்றல்ல, வரிசையாகப் பதினொரு வட்டம். கேட்டேன்.

"நிக்கற வயசு. அப்படித்தான் இருக்கும்" என்றார். ராத்திரி உடம்பு குப்பென்று வியர்ப்பதையும், தூக்கம் வராததையும் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். நிற்கப்போகும் வயதில் தேதி தாறுமாறாவது இயல்புதான். ஆனால் பதினொரு நாள் ரத்தத்தை வயசு என்று விட்டுவிட முடியாது. இந்த முறை அந்தப் பழைய கேள்வியை நான் கேட்டேன்: "ஏம்மா, உன் உடம்பு உனக்குத் தெரியாதா?"

முறைத்தார். மறுநாள் அரசு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எந்தத் தேதி?" அம்மா யோசித்தார். நான் போனில் எடுத்து வைத்திருந்த காலண்டர் போட்டோக்களைக் காட்டினேன். பால் கணக்கு, கேஸ், சீட்டு எல்லாவற்றையும் தாண்டி டாக்டரின் பேனா சிவப்பு வட்டங்களில் நின்றது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வாங்கப் போகிறோம்.